வாட்டம் பார்க்கும் வித்தை

ஞாயிறு விடியற்காலையில் தொலைக்காட்சியில் கோல்ஃப் ஓடினால் எங்கள் வீட்டில் முணுமுணுப்பு கிளம்பிவிடும். "இந்த ஆளு என்னங்க, புல்லைப் பார்த்துக்கிட்டே நிக்கிறாரு? ரெண்டு நிமிஷமா ஒரு வேலையும் நடக்கல" என்பாள் மனைவி. மகளுக்கு அந்தப் பேச்சுகூடத் தேவையில்லை, ரிமோட்டை எடுத்துக்கொள்வாள். போன வாரம் மட்டும் அவள் ஒரு கேள்வி கேட்டாள். ஆட்டக்காரர் ஒருவர் பந்துக்கும் குழிக்கும் நடுவே காலை அகட்டி நின்றார். கண்ணை மூடினார். பிறகு பந்துக்குப் பின்னால் போய்க் கையை நீட்டி, இரண்டு விரலைத் தூக்கிக் குழியைப் பார்த்தார்.

"அப்பா, அவரு குழிக்கு டாட்டா காட்டறாரா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அந்த இரண்டு விரலைக் கற்றுக்கொள்ள நான் ஒரு முழுநாள் வகுப்புக்குக் காசு கட்டிப் போனவன். அதே வித்தையை அறுபது வருடங்களுக்கு முன்பே வெறுங்காலால் செய்துகொண்டிருந்த ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருந்தார் என்பது வகுப்பு முடிந்து வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கோல்ஃப் ஆடாதவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. பந்தை 250 மீட்டர் பறக்க விட்டாலும் ஓர் அடி, ஒரு சாண் தூரம் உருட்டினாலும் ஓர் அடி. 18 குழி உள்ள திடலில் 72 அடி என்று கணக்கு வைத்தால், அதில் 36 அடியைக் குழி இருக்கும் அந்த வழுவழுப்பான புல்தரையில் உருட்டுவதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். குழிக்கு இரண்டு வீதம். அந்தத் தரை கிரீன், உருட்டும் அடி பட், அதற்கான கோல் பட்டர். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டம் 43 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பந்து பக்கத்தில் பக்கத்தில் நுழையும் அளவுக்கு வாய் இருக்கிறதே, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி 2014இல் வெளியிட்ட நூலில் கணக்கெடுத்துக் காட்டினார்: உலகின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே ஏறக்குறைய இரண்டரை மீட்டர் தூரத்திலிருந்து இரண்டில் ஒன்றைத்தான் உள்ளே விடுகிறார்கள். 90 அடியில் சுற்றை முடிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பாதிக்குப் பாதி தூரம் ஒன்றரை மீட்டர்தான்.

காரணம், கிரீன் மட்டமாக இருப்பதில்லை. மட்டமாக இருக்கவும் கூடாது. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் நாட்டில் தட்டையாகத் தரை போட்டால் மறுநாள் அங்கே வாத்து நீந்தும். வீட்டில் குளியலறைக்குத் தளம் போடும் கொத்தனார் தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் கொடுக்கிறார் அல்லவா, அதேதான். கிரீன் கட்டுகிறவரும் இரண்டு மூன்று பக்கம் தண்ணீர் வடிய வாட்டம் வைக்கிறார். குளியலறையில் வாட்டத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். கோல்ஃபில் தண்ணீர் ஊற்ற முடியாது. ஊற்றாமலே ஊற்றியதுபோல் பார்க்க வேண்டும். ஆட்டக்காரர்கள் குனிவதும் படுப்பதும் விரலைத் தூக்குவதும் இதற்காகத்தான்.

இதை இவ்வளவு எளிமையாக எனக்குச் சொன்னவர் என் தாய்மாமா.

ஈஜோக்கிலிருந்து பெஸ்தாரி ஜெயா போகும் பாதையில் காரில் போனவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் செம்பனை. பெஸ்தாரி ஜெயா என்ற பெயர் 2007இல்தான் வந்தது. எங்களுக்கு இன்றைக்கும் அது பத்தாங் பெர்ஜுந்தாய்தான். இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டிலேயே முதன்முதலாக வணிக முறையில் செம்பனை நட்டார். பெயரோ தென்னமரம், நட்டதோ செம்பனை! பின்னாளில் அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. துரை நாவல் எழுதினார். வாய்க்கால் வெட்டியது நம் ஆட்கள்.

வாய்க்கால் என்று சும்மா சொல்லவில்லை. கோலசிலாங்கூர் கடற்கரைப் பக்கம் தரை தாம்பாளம்போல் தட்டை. புக்கிட் மெலாவத்தி ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும் மேடு. இந்த மண்ணில் மரம் நிற்க வேண்டுமானால் முதலில் தண்ணீர் வெளியே போக வேண்டும். என் தாத்தா வாய்க்கால் வெட்டுகிற கும்பலில் இருந்தவர். கண்ணுக்கே தெரியாத வாட்டத்தைக் கண்டுபிடித்து மண்வெட்டி போட வேண்டும். தப்பான பக்கம் வெட்டினால் அடுத்த மழைக்குத் தண்ணீர் நின்று வேர் அழுகும், சம்பளத்தில் பிடிப்பார்கள். மாமா சின்ன வயதில் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோய்க் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் துரைமார்களின் கிளப்பை ஒட்டி ஒன்பது குழித் திடல் ஒன்று இருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட மாமா, சனி ஞாயிறுகளில் அங்கே கேடியாகப் போனார். பையைத் தூக்குவது, பந்தைத் தேடுவது, கொடியைப் பிடிப்பது. இரண்டு மாதத்தில் அவர் பிடித்த துரை, பட் அடிக்குமுன் இவரைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார். இவர் பட்டென்று குழிக்கு இந்தப் பக்கம் ஒரு சாண் என்று கையால் காட்டுவார். அவ்வளவுதான் பேச்சு. அந்தத் துரைக்கு இவர் பெயர் கடைசிவரை தெரியாது, 'பாய்' என்றுதான் கூப்பிட்டாராம்.

"எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"கண்ணு எங்க கண்டுபிடிச்சிச்சு? காலு சொல்லும், நான் கையைக் காட்டுவேன். எங்களுக்கு ஏது சப்பாத்து? கொடியைப் பிடிக்கப் போறப்பவே பந்துல இருந்து குழிவரைக்கும் மெதுவா நடப்பேன். எந்தக் காலு கனக்குதோ அந்தப் பக்கம் பள்ளம். தண்ணி அங்கதான் போவும், பந்தும் அங்கதான் போவும்."

இதைக் கேட்டபோது நான் வகுப்புக்குப் போய்வந்து சரியாக ஒரு வாரம். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வகுப்புக்கு முன் நான் முயன்று பார்த்த வழிகளையும் சொல்லிவிடுகிறேன். இதில் என் அவமானங்கள் நிறைய உண்டு.

எல்லோரும் செய்வது, பந்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்ப்பது. கண் தரைக்கு எவ்வளவு அருகில் வருகிறதோ அவ்வளவு நன்றாக மேடுபள்ளம் தெரியும். கொலம்பியா நாட்டுக் கமிலோ வியேகாஸ் ஒரு காலை நீட்டி, உடம்பைத் தரையோடு தரையாக இறக்கி, பல்லிபோல் பார்ப்பார். அதற்காகவே அவருக்குச் சிலந்தி மனிதன் என்று பெயர். நான் ஒருமுறை செய்து பார்த்தேன், எழுந்திருக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். குந்திப் பார்ப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பள்ளமான பக்கத்திலிருந்து மேட்டைப் பார்த்தால் சாய்வு நன்றாகத் தெரியும், மேட்டிலிருந்து பள்ளத்தைப் பார்த்தால் ஏமாற்றும். தென்னை ஏணியைக் கீழே நின்று பார்ப்பதற்கும் மேலே நின்று பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஆகவே பந்துக்குப் பின்னால் மட்டும் பார்த்துவிட்டு அடிக்காமல், பள்ளப் பக்கமாக ஒரு நடை நடந்துவிட்டு வருவது நல்லது.

அடுத்தது பட்டரைத் தூக்குக்குண்டுபோல் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது. பார்க்க ரொம்பக் கம்பீரமாக இருக்கும். கொத்தனார்கள் சுவர் எழுப்பும்போது செய்வதுதான். ஆனால் தூக்குக்குண்டு செங்குத்து எது என்று சொல்லும், அவ்வளவுதான் அதன் வேலை. நான் நிற்கிற இடத்தின் சாய்வை அது ஓரளவு காட்டலாம். மூன்று மீட்டர் தள்ளிக் குழிக்குப் பக்கத்தில் தரை என்ன செய்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? பந்து வேகமாக உருளும்போது சாய்வு அதை அவ்வளவாக அசைக்காது. வேகம் குறைந்து சாகப்போகும் கடைசி அரை மீட்டரில்தான் வளைக்கும். பார்க்க வேண்டிய இடமும் அதுதான். தொங்கவிட்டுப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் போட்டோவுக்கு நிற்கிறார்கள் என்பது என் கருத்து, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பந்தில் பேனாவால் கோடு போட்டு, அந்தக் கோட்டைப் போக வேண்டிய திசைக்குத் திருப்பி வைப்பது ஒரு வழி. இதனால் எனக்கு உண்மையிலேயே பலன் கிடைத்தது. ஆனால் கோடு, நாம் முடிவுசெய்த திசையைத்தான் காட்டும். முடிவே தப்பாக இருந்தால் கோடும் சேர்ந்து தப்பாக நிற்கும். சிலர் பந்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் நிறம் மாறிய ஒரு புல்லிதழைக் குறிவைத்து, அதன் மேல் பந்தை உருட்டினால் போதும் என்பார்கள். கோலிக்குண்டு ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. லயத்து முற்றத்தில் நாங்கள் குழியையா பார்த்தோம்? நடுவில் இருக்கும் ஒரு சிறு கல்லைப் பார்த்துத்தான் விட்டோம். இதற்கு நேர் எதிராக, 2015இல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்ற ஜோர்டன் ஸ்பீத், கிட்டத்தில் இருக்கும் பட்களைப் பந்தைப் பார்க்காமல் குழியையே பார்த்து அடிப்பதற்குப் பெயர் போனவர்.

இப்படி வழி ஆயிரம் இருந்தும் நாம் செய்யும் தப்பு ஒன்றே ஒன்றுதான். வாட்டத்தைக் குறைத்துப் பார்க்கிறோம். நாசாவில் ஆராய்ச்சியாளராக இருந்துவிட்டு கோல்ஃப் பயிற்சிக்கு வந்த டேவ் பெல்ஸ், சாதாரண ஆட்டக்காரர்கள் உண்மையான வளைவில் ஒரு பகுதியைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள் என்று சோதனை செய்து எழுதினார். பந்து குழிக்குப் பள்ளப் பக்கமாகவே தவறிப்போகும். கோல்ஃப்காரர்கள் அந்தப் பக்கத்துக்கு 'அமெச்சூர் பக்கம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். குழி இங்கே இருக்க, ஒரு முழம் தள்ளி வெறும் புல்லைக் குறிபார்த்து அடி என்றால் மனசு கேட்க மாட்டேன் என்கிறது. கை கடைசி நொடியில் குழிப்பக்கம் திரும்பிவிடுகிறது.

நம் நாட்டில் இன்னொரு தலைவலி, புல்லே ஒரு பக்கம் படுத்துக் கிடக்கும். குளிர்நாட்டுப் புல் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். நம்முடையது கொடிபோல் ஓடுகிற புல். முன்பெல்லாம் இங்கே கிரீன்களில் செராங்கூன் புல் போடுவார்கள், இப்போது பெரும்பாலும் கலப்பின பெர்முடா வகைகள். புல் படுத்த திசையில் பந்து போனால் வழுக்கும், எதிர்த்துப் போனால் பிரேக் போட்டதுபோல் நிற்கும். மாமா இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். நிற்கிற இடத்திலிருந்து பார்க்கப் புல் பளபளத்தால் அது நம்மை விட்டு அந்தப் பக்கம் படுத்திருக்கிறது, கறுத்துத் தெரிந்தால் நம்மைப் பார்த்துப் படுத்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் குழியின் விளிம்பைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். இன்னொரு பக்கம் பிசிறடித்து, காய்ந்து, பழுப்பாக இருக்கும். பிசிறு இருக்கும் பக்கம் நோக்கித்தான் புல் வளர்கிறது. எனக்கு ஐந்து வருடம் யாரும் சொல்லித்தராத விஷயம் இது.

கிரீனின் ரகசியம் தெரிந்தவன் பை தூக்குகிறான், கோல் வைத்திருப்பவன் அவனைக் கேட்டு அடிக்கிறான் என்ற கதை நம் தோட்டத்துக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா கிளப்பில் 1982வரை ஆட்டக்காரர்கள் அந்தக் கிளப்பின் கேடிகளையே வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கறுப்பினத்தவர்கள். கார்ல் ஜாக்சன் என்பவர் பதின்ம வயதிலேயே அங்கே பை தூக்க வந்தவர். அந்த கிரீன்களை அவரைவிட அறிந்தவர் குறைவு. பென் கிரென்ஷா 1984இலும் 1995இலும் மாஸ்டர்ஸ் வென்றபோது பக்கத்தில் நின்றவர் அவர். அதே கிளப் தன் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்துக்கொண்டது 1990இல்தான். பெங்களூரில் சின்னசாமி முனியப்பா கேடியாகத் தொடங்கி, 2009இல் இந்திய ஓபன் பட்டத்தையே வென்றார். நம் நாட்டிலும் மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் என்று தொழில்முறை கோல்ஃபில் பெயர் எடுத்த தமிழர்கள் உண்டு. அவர்கள் மலேசியாவுக்காக உலகக் கிண்ணத்திலும் ஆடியவர்கள். என் மாமாவின் கதை அப்படிப் போகவில்லை. கிளப் மூடியிருக்கும் திங்கட்கிழமைகளில், உடைந்த கோலின் இரும்புத் தலையைப் பால்மரக் கிளையில் சொருகிக் கொஞ்ச நாள் ஆடியிருக்கிறார். பிறகு வெளிக்காட்டு வேலை, கல்யாணம், பிள்ளைகள். தோட்டம் கைமாறியது, லயங்கள் போயின. அந்த ஒன்பது குழித் திடல் இப்போது செம்பனைக் காடு. நானே போய்த் தேடிப் பார்த்தேன், மேடு ஒன்றுகூட மிச்சமில்லை.

சரி, இரண்டு விரல் விஷயத்துக்கு வருகிறேன். அதன் பெயர் ஏய்ம்பாயிண்ட். மார்க் ஸ்வீனி என்ற அமெரிக்கர், பந்து உருள வேண்டிய பாதையைத் தொலைக்காட்சித் திரையில் கோடாக வரைந்து காட்டும் கணினி முறையை உருவாக்கினார். அதிலிருந்து ஆட்டக்காரர்களுக்கான வழி ஒன்று பிறந்தது. பந்துக்கும் குழிக்கும் நடுவே, பாதையின் இருபுறமும் கால் வைத்து நிற்க வேண்டும். எந்தக் காலில் எடை கூடுகிறது என்று உணர்ந்து, சாய்வு நூற்றுக்கு ஒன்றா, இரண்டா, மூன்றா என்று ஓர் எண் சொல்ல வேண்டும். பிறகு பந்துக்குப் பின்னால் நின்று, ஒரு கண்ணை மூடி, அத்தனை விரலைத் தூக்கிக் குழியின் மையத்தோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். விரல்களின் வெளி ஓரம் எங்கே முடிகிறதோ அங்கே குறி. கிரீன் வேகமாக இருந்தால் முழங்கையை மடக்கி விரலைக் கண்ணுக்கு அருகே கொண்டுவர வேண்டும், அப்போது குறி இன்னும் தள்ளிப்போகும். ஆடம் ஸ்காட், கீகன் பிராட்லி போன்றவர்கள் இதைப் பின்பற்றியவர்கள். எல்லோருக்கும் இது பிடிப்பதில்லை. 2009இல் அமெரிக்க ஓபன் வென்ற லூகாஸ் குளோவர், இதைத் தடை செய்ய வேண்டும் என்று 2025இன் தொடக்கத்தில் வெளிப்படையாகவே சொன்னார். நேரம் இழுக்கிறது, குழிக்குப் பக்கத்தில் காலை வைத்து மிதிக்கிறார்கள் என்பது எதிர்ப்பவர்களின் குறை. அதில் நியாயம் இருக்கிறது. ஓர் அடிக்கு 40 நொடிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று விதிப்புத்தகமே பரிந்துரைக்கிறது. நம் ஊர்த் திடல்களில் சனிக்கிழமை காலை பின்னால் நாலு பேர் இடுப்பில் கை வைத்து நிற்கும்போது கண்ணை மூடித் தியானம் செய்தால் உதைதான் விழும்.

விதிகளும் ஆட்டக்காரரைத் தனியாக நிறுத்தத்தான் பார்க்கின்றன. ஆட்டக்காரர் அடிக்க நிலை எடுத்த பிறகு கேடி பின்னால் நின்று திசை சரிபார்க்கக் கூடாது என்று 2019இல் விதி வந்தது. ஒவ்வொரு கிரீனின் சாய்வையும் அம்புக்குறியாக அச்சடித்துத் தரும் கையேடுகளைப் பெரிய போட்டிகளில் 2022 முதல் ஒதுக்கிவிட்டார்கள். கண்ணும் காலும்தான் மிச்சம்.

வகுப்பில் கற்றதை மாமாவிடம் பெருமையாகச் செய்து காட்டினேன். அவர் வீட்டு வாசலில், சிமெண்டுத் தரையில். "இதுக்கா காசு குடுத்த?" என்றார். பிறகுதான் மேலே சொன்ன வெறுங்கால் கதை வந்தது. எங்கள் வீட்டுக் கல்யாணம், கருமாதி எல்லாவற்றிலும் பார்த்த மனிதர். துரைமார்களுக்குக் கேடியாக இருந்தார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறே அவரைக் கூட்டிக்கொண்டு ரவாங் பக்கம் ஒரு திடலுக்குப் போனேன். முதலில் நடந்தது எனக்கே ஏமாற்றம். அவர் காட்டிய திசை ஒவ்வொரு முறையும் சரி, அளவு ஒவ்வொரு முறையும் குறைவு. அவர் 'ஒரு சாண்' என்ற இடத்தில் பந்து இரண்டு சாண் வளைந்தது. காரணம் பிறகு புரிந்தது. அந்தக் காலத்துத் தோட்டத்து கிரீனில் புல் தடிப்பு, பந்து மெதுவாகப் போகும், அழுத்தி அடிக்க வேண்டும். இன்றைக்கு ஒட்ட வெட்டிய கிரீனில் மெல்லத் தொட்டாலே ஓடும். பந்து எவ்வளவு மெல்லத் தொடங்குகிறதோ அவ்வளவுக்குச் சாய்வு அதை இழுக்கும். அவர் கணக்கு அறுபது வருடத்துக்கு முந்திய புல்லுக்கானது. நான்காவது குழியில் குனிந்து புல்லைக் கையால் தடவிப் பார்த்தார். "சவரம் பண்ணி வச்சிருக்கானுங்க லா" என்றார். ஐந்தாவது குழியிலிருந்து அளவும் சரியாக வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவர் கிரீனில் நடக்கவில்லை. ஓரத்தில் நின்று பார்க்கிறார், ரெண்டு பக்கமும் போகிறார், தண்ணீர் எந்த வடிகாலுக்குப் போகும் என்று சுற்றுமுற்றும் பார்க்கிறார், அவ்வளவுதான். "கால் வச்சுப் பாருங்க மாமா" என்றேன்.

"காலு இப்ப ஒண்ணும் சொல்றதில்ல மாப்ள."

அவருக்கு இனிப்பு நீர் வந்து இருபது வருடம் இருக்கும். 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, நம்மவர்களிடையே அது இன்னும் அதிகம் என்பது இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மருந்து டப்பா இருக்கிறது. நாள்பட்ட சர்க்கரை நரம்பைத் தின்னும், முதலில் பாதத்தில் தொடங்கும். அரசாங்கக் கிளினிக்கில் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூல் ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா?" என்று கேட்பார்கள். மாமா மூன்று இடத்தில்தான் 'ஆம்' என்றாராம். கட்டைவிரலில் தெரியவில்லை, குதிகாலில் தெரியவில்லை. நூற்றுக்கு ஒரு பங்கு சாய்வைச் சொன்ன கால் அது.

அதற்குப் பிறகு நாங்கள் ஆடப் போவதில்லை, பயிற்சி கிரீனுக்கு மட்டும் போகிறோம். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கூட்டம் இருக்காது. அவர் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். போன ஞாயிறு மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு மீட்டர் பட் ஒன்று. பார்த்தால் நேராகத்தான் இருந்தது.

"சப்பாத்தக் கழட்டு" என்றார். "காலுறையையும்தான்."

கழற்றினேன். ஈரப்புல் சில்லென்றது. நடுவில் போய்க் குழியைப் பார்த்து நின்றேன்.

"எந்தக் காலு கனக்குது?"

"இடது கால் மாமா. கொஞ்சம்தான்."

"குதிகாலா, விரலா?"

யோசித்தேன். வகுப்பில் இதை யாரும் கேட்கவில்லை. "விரல்."

"அப்ப குழிப்பக்கம் எறக்கம். தொட்டா போதும். பந்து இடது பக்கம் போவும். புல்லு?"

"பளபளன்னு இருக்கு."

"வலது பக்கம் குழிக்கு வெளியில ரெண்டு பந்து அகலம். குழியப் பாக்காத. அந்த எடத்தப் பாரு."

அடித்தேன். பந்து குழிக்கு இடப்பக்கம், பள்ளப் பக்கமாகப் போய், முக்கால் மீட்டர் தாண்டி நின்றது. அமெச்சூர் பக்கம்.

"கடைசியில குழியப் பாத்துட்ட."

அது உண்மை. பந்தைத் திரும்ப வைத்தேன். இரண்டாவது முறை அவர் சொன்ன இடத்தை மட்டும் பார்த்தேன். பந்து மெதுவாகக் கிளம்பி, வேறு எங்கேயோ போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே இடப்பக்கம் சரிந்து, விளிம்பில் ஒரு நொடி நின்று, உள்ளே விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் குழியைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈரத்துல நிக்காத, சப்பாத்தப் போடு" என்று எழுந்தார். நடையில் ஏதோ வித்தியாசம் தெரிந்தது. உட்காரச் சொல்லி அவருடைய செருப்பைக் கழற்றினேன். உள்ளே, குதிகாலுக்கு அடியில், கடலை அளவுக்கு ஒரு சரளைக்கல். கார் நிறுத்திய இடத்திலிருந்தே இருந்திருக்க வேண்டும். தோலில் சிவப்பாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது, நல்லவேளை கிழியவில்லை.

"என்னடா பாக்குற?"

கல்லை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.